வேலப்பாடியில் ஒரு சாய்தளம்

வேலூரின் வேலப்பாடியில் உள்ள எங்கள் பெரியப்பாவின் வீட்டுக்குத் தெருவிலிருந்து ஒன்றரை அடி ஏறியாக வேண்டும். மழைநீர் உள்ளே வராதிருக்க அந்தக் காலத்தில் பேஸ்மட்டத்தை அப்படித்தான் உயர்த்திக் கட்டினார்கள். அவருக்கு, தசைகளை இயக்கும் நரம்புகள் சிதைந்து உடல் படிப்படியாகச் செயலிழக்கும் மோட்டார் நியூரான் நோய் என்று மருத்துவர்கள் சொன்னபோது, கைத்தடியோடு நடந்துகொண்டிருந்தார். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீள வேண்டும் என்பதால் எங்களுக்கு 18 அடி தேவைப்பட்டது. சந்தின் அகலமோ பத்தே அடி. ஆகவே திண்ணையை இடித்துச் சாய்தளத்தைப் பக்கவாட்டில் திருப்பிக் கட்டவும், குளியலறைக் கதவை அகலப்படுத்தவும் கொத்தனார் கணக்குப் போட்டுக் கொடுத்தார்.

பணத்துக்கு ஒரு வங்கியை அணுகினோம். பத்திரம் தாத்தாவின் பெயரில் இருந்ததால் வாரிசுச் சான்றிதழ், பட்டா மாற்றம், வில்லங்கச் சான்று என ஏழு மாதங்கள் கடந்தன. கடன் வந்து வேலை முடிந்தபோது பெரியப்பாவுக்குக் கழுத்து நிற்கவில்லை. கையால் உருட்டும் நாற்காலிக்கு அளவெடுத்துக் கட்டிய திருப்பத்தில், தலைதாங்கியோடு சாயும் நீண்ட நாற்காலி திரும்பவே இல்லை.

இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ப வீட்டை மாற்றியமைக்க உள்ளாட்சி மன்றங்கள் 30,000 பவுண்டு வரை மானியம் தருகின்றன என்று அறிந்தபோது பொறாமையாக இருந்தது. முடிவு சொல்லவே 6 மாதம் வரை அவகாசம் உண்டு என்று படித்ததும் பொறாமை தணிந்தது. இந்நோய் கண்டறியப்பட்டவர்களில் மூன்றில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார் என்பதும் அந்நாட்டுக் கணக்குதான்.

நம் மாநிலத்தில் கடும் பாதிப்புள்ளோருக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. அதைக் கொண்டு திண்ணையை இடிக்க முடியாது. நாள்பட்ட நரம்பியல் பாதிப்புகளை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருந்தாலும், மாற்றுத்திறனாளி சான்றிதழில் ஏறும் சதவீதம் பரிசோதித்த நாளின் உடல்நிலையையே சொல்கிறது. விரைந்து முற்றும் நோயில் அது மறுமாதமே பழங்கணக்கு. நோயை உறுதிசெய்யும் மருத்துவரின் கடிதத்தையே போதிய ஆதாரமாகக் கொண்டு முதலில் பணத்தை விடுவித்து, மற்ற காகிதங்களைப் பிறகு கேட்பதே நியாயம். அடுத்த ஆண்டின் நாற்காலிக்கு இன்றே அளவெடுத்துச் சொல்லக்கூடியவர்களுக்கு இவ்வூரில் பஞ்சமில்லை. இங்குள்ள பாகாயத்தில் மருத்துவர் மேரி வர்கீஸ் பெயரிலான மறுவாழ்வு நிலையம் 1966 முதல் இருக்கிறது.

அந்தத் திருப்பத்தை அண்ணன் மறுபடி உடைத்து அகலப்படுத்தினார். இம்முறை வங்கிக்குப் போகவில்லை. பெரியம்மாவின் வளையல்கள் இரண்டு போயின.