செம்மண் வளவில் மல்லிகை: நாட்குறிப்பு

தை 18
வாடை ஓய்கிறது, மண்ணில் ஈரம் இன்னும் நிற்கிறது. மல்லிகை கத்தரிக்க ஏற்ற நேரம். மாரி நடுவில் வெட்டினால் வெட்டுவாய் நனைந்தபடி கிடந்து கொப்பு நுனியிலிருந்து கருகும். மாசி கடந்தால் முதல் பூ பிந்திவிடும். நிலத்திலிருந்து ஒன்றரை அடி விட்டு மேலே உள்ளதெல்லாம் எடுத்தாயிற்று. காய்ந்ததும் மெலிந்ததும் உள்நோக்கி வளர்ந்ததும் அடியோடு போயின. மிச்ச இலையையும் உருவிவிட வேண்டும். பார்க்க வெறும் தடிதான், ஆனால் மல்லிகை பூப்பது புதுத்தளிரின் நுனியில்.

தை 20
செடியின் அடியிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வட்டமாக அரை அடி ஆழத்துக்குக் கிண்டி, பூவரசங்குழை தாட்டு, உக்கிய மாட்டெரு ஒரு வாளி, வேப்பம்பிண்ணாக்கு கால் கிலோ. உக்காத மாட்டெரு கூடாது, வேரைச் சுடும்.

மாசி 24
புதுத்தளிர் வெளிர்மஞ்சள், நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிகிறது. இதைக் கண்டதும் யூரியா போடுவது ஊர் வழக்கம், வீண் செலவு. யூரியா தருகிற தழைச்சத்து குறைந்தால் மஞ்சளாவது அடியிலுள்ள முற்றிய இலை, அதுவும் நரம்போடு சேர்த்து. நுனி இலை இப்படி வெளுத்தால் இரும்பு எட்டவில்லை.

செம்மண்ணில் இரும்புக்கா பஞ்சம்? மண்ணின் நிறமே அதனால்தான். ஆனால் அடியில் சுண்ணாம்புக்கல், இறைக்கிற கிணற்றுத் தண்ணீரிலும் சுண்ணாம்பு. கேத்தில் அடியில் படிகிற அதே வெள்ளை வேர்ப்பக்கமும் சேர்கிறது. காரம் ஏறிய மண்ணில் இரும்பு கரையாமல் கிடக்கும். பெரசு சல்பேற்று என்ற இரும்பு உப்பை அடியில் கொட்டினாலும் அதே கதிதான். இலைக்குத் தெளிக்க வேண்டும்: ஒரு லீற்றர் தண்ணீருக்கு முதலில் அரைத் தேசிக்காய்ப் புளி, பிறகு 5 கிராம் பெரசு சல்பேற்று. பிடித்துவைத்த மழைத்தண்ணீர் நல்லது. வெறும் கிணற்றுத் தண்ணீரில் கரைத்தால் கொஞ்ச நேரத்தில் துருநிறமாகும். அந்தக் கரைசல் உதவாது, ஊற்றிவிடலாம். வெயில் தாழ்ந்தபின் இலையின் இரு பக்கமும் நனையத் தெளித்து, பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை. அளவைக் கூட்டினால் இலை ஓரம் கருகும். வெளுத்த பழைய இலை முழுதாகத் தேறாது. அடுத்த தளிரைப் பார்த்தே கணிக்க வேண்டும்.

பங்குனி 21
மொட்டு. இரண்டு நாளுக்கு ஒருக்கா பாத்தி நிறையத் தண்ணீர். மாலைக்கு ஆய்வதென்றால் விடியமுன், வெள்ளை திரண்டு இதழ் பிரியாத மொட்டாக.

சித்திரை 27
இரண்டு வகை மொட்டுச் சேதம். ஒன்றில் ஓட்டை, பக்கத்து மொட்டுகள் நூலால் பின்னிக் கிடக்கின்றன: மொட்டுப்புழு. மற்றதில் ஓட்டையே இல்லை, மொட்டு ஊதாநிறமாகி அடிப்பக்கம் தடித்துக் காய்கிறது. நகத்தால் பிரித்தால் உள்ளே நெளிவது மொட்டு ஈயின் மிகச் சிறிய புழுக்கள். புழு மண்ணில் இறங்கித்தான் கூட்டுப்புழுவாகும். அதனால் மேலே மருந்தடித்து மட்டும் தீராது. உதிர்ந்த மொட்டைக் கூட்டியள்ளி எரித்து, மேல்மண்ணைக் கிளறி வேப்பம்பிண்ணாக்குத் தூவ வேண்டும். மொட்டுப்புழுவுக்கு வேப்பெண்ணெய்: லீற்றருக்கு 5 மில்லி, சவர்க்காரத் தண்ணீரில் அடித்துக் கலக்கி, பூ ஆய்ந்த பிறகு. பெரசு சல்பேற்றோடு சேர்க்க வேண்டாம்.

ஆனி 12
சோளகக் காற்று மண்ணை வாரி அடிக்கிறது. இலையின் கீழே மெல்லிய வலை, மேலே ஊசிப்புள்ளி: சிவப்புச் சிற்றுண்ணி. புழுதி படிந்த வேலியோரத்தில் அதிகம். காலையில் குழாயால் இலையின் அடிப்பக்கத்துக்கு விசையாக அடித்தால் பாதி குறையும். ஆடி, ஆவணியில் வரும் நல்லூர்க் கந்தன் திருவிழாவுக்குப் பூ வேண்டுமானால், பூத்து முடிந்த நுனிகளை இப்போதே ஒரு சாண் கிள்ளிவிட வேண்டும். மொட்டு வர ஆறேழு வாரம் பிடிக்கும்.

ஐப்பசி 16
முதல் மழை. பதி வைக்கலாம், அதாவது கொப்பை மண்ணில் தாட்டு வேர் பிடிக்க விடலாம்: தாழ்ந்த முற்றிய கொப்பில் ஒரு கணுவின் கீழ் பட்டையைச் சரிவாகச் சீவி, நாலு விரல் ஆழத்தில் தாட்டு, வளைத்த கம்பியால் இறுக்கி, நுனியை வெளியே விட வேண்டும். தாய்ச்செடிப் பாத்தியின் வரம்பை ஒரு பக்கம் வெட்டிவிட்டாயிற்று. கார்த்திகைத் தண்ணீர் அடியில் தேங்கினால் வேர் அழுகும். பசளை இனித் தை வரை இல்லை.