பால் கேன் போட்ட பலகை

டோக்கியோவில் ராத்திரி ஒன்றரை மணி. சரியான மழை. ஓடிப்போய் ஒதுங்கியது ஒரு லாசன் கடையில்; அவசரச் சாமான் விற்கும் சங்கிலிக் கடைகளில் ஒன்று.

குடை ஒன்று, சால்மன் மீன் வைத்த ஓனிகிரி என்கிற சோற்று உருண்டை ஒன்று. வாசலில் நின்று தின்றுகொண்டே அண்ணாந்து பார்த்தால், நீலப் பலகையில் வெள்ளையாக ஒரு பால் கேன்.

நாலு வருடமாகப் பார்க்கிற பலகை. இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

சோறும் குடையும் விற்கிற கடைக்கு எதற்குப் பால் கேன்?

1939இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் லாசன் என்பவர் தொடங்கிய பால் கடையாம். அங்கே அந்தக் கடைகள் எப்போதோ கைமாறிப் பெயர் மாறிவிட்டன. கேன் மட்டும் கடல் தாண்டி வந்து, இங்கே சுமார் 14,000 கடைகளில் தொங்குகிறது.

இத்தனைக்கும் கடை எண்ணிக்கையில் ஜப்பானில் இது மூன்றாம் இடம்தான். ஃபேமிலிமார்ட் 16,000 சொச்சம். செவன் இலெவன் 21,000ஐத் தாண்டும், உலகம் முழுக்க எண்ணினால் 80,000க்கு மேல்.

செவன் இலெவனும் அமெரிக்கச் சரக்குதான். 1927இல் டல்லாஸில் ஐஸ் கட்டி விற்ற இடத்தில் பால், முட்டை, ரொட்டி சேர்த்து வைத்ததில் முளைத்தது. ஜப்பானில் முதல் கடை 1974இல், இதே டோக்கியோவின் டொயோசுவில். உரிமம் வாங்கி வந்த ஜப்பான்காரர்களே 2005இல் தாய்க் கம்பெனியை முழுசாக வாங்கிப் போட்டார்கள். மருமகன் மாமனார் வீட்டையே கிரயம் பண்ணின மாதிரி!

அந்த 21,000இல் ஒன்று சிக்னலுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. மழையில் ரோட்டைத் தாண்ட மனசில்லை.

ஓனிகிரி தீர்ந்தபோது மழையும் விட்டிருந்தது. குடை இன்னும் உறை பிரிக்காமல் கையில்.