கோபுரம் திரும்பி வந்த ஊர்

செப்டம்பர் 17, 2024, செவ்வாய்

மாலையில் சாந்தோ ஸ்டெஃபானோ தி செஸ்ஸானியோவுக்கு வந்து சேர்ந்தேன். இத்தாலியின் அப்ருட்சோ மாநிலத்தில், கிரான் சாசோ மலைத்தொடரின் தென்புறம், சுமார் 1,250 மீட்டர் உயரத்தில் இருக்கும் இவ்வூரில் குடியிருப்போர் நூற்றுச் சொச்சம் பேர்தான். ஊர்வாயிலின் வளைவுக்கு மேல் மெதிச்சி குடும்பத்தின் உருண்டைச் சின்னத்தைக் கண்டு நின்றுவிட்டேன். புளோரன்ஸ் நகரத்துச் செல்வந்தர்களுக்கு இந்தக் கல்லாங்காட்டில் என்ன வேலை?

ஆட்டு மயிர்தான். 1579இல் இவ்வூரை விலைக்கு வாங்கி, 1743 வரை அவர்கள் கையில் வைத்திருந்தார்கள். துறவியரின் அங்கிக்கும் படைவீரரின் உடைக்கும் பயன்பட்ட 'கார்ஃபாஞா' என்னும் முரட்டுக் கறுப்புக் கம்பளி இங்கிருந்துதான் போயிற்று. குளிர் தொடங்குமுன் இடையர்கள் மந்தைகளைத் தெற்கே சமவெளிக்கு ஓட்டிப் போவார்கள். லாக்விலா நகரிலிருந்து தெற்கிலுள்ள ஃபோஜா நகர் வரை செல்லும் அந்த மந்தைவழி 244 கிலோமீட்டர் நீளமுடையது.

இப்போது தெருவில் ஓர் ஆட்டின் குரல்கூட இல்லை. என் அறை, முன்பு யாரோ வாழ்ந்த வீடு. அடுப்புப் புகை படிந்த சுவரை வெள்ளையடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். விரலால் தொட்டேன், கரி ஒட்டவில்லை.

செப்டம்பர் 18, புதன்

காலை முழுவதும் கோபுரத்தடியில் கழிந்தது. மெதிச்சி கோபுரம் என்று பெயரே தவிர, இந்த வட்டக் கோபுரம் அவர்கள் வருவதற்கு முன்பே நின்றது. 2009 ஏப்ரல் 6 அன்று, விடிவதற்கு முன் 3.32 மணிக்கு லாக்விலாவை உலுக்கி 309 பேரைப் பலிகொண்ட நிலநடுக்கத்தில் இது அடியோடு சரிந்தது. பல நூற்றாண்டுகள் தாங்கிய கல்லின் தலையில், பார்வையாளர்களுக்காக இருபதாம் நூற்றாண்டில் கான்கிரீட் தளம் ஒன்றை ஏற்றியிருந்தார்கள். அந்தப் பாரமே அதைச் சாய்த்தது என்கிறார்கள். பழையதைக் காக்கப் போய் அதைக் கொன்ற கதை எனக்கு ஆத்திரமூட்டியது.

இன்று அதே இடத்தில், அதே உருவில் மீண்டும் கட்டியிருக்கிறார்கள். கீழேயுள்ள வீடுகளின் கற்கள் பாசியேறிக் கறுத்திருக்க, கோபுரம் மட்டும் துடைத்து வைத்ததுபோல் வெளுப்பாக நிற்கிறது. முதலில் உறுத்தியது, நான்காம் சுற்றில் பழகிவிட்டது.

செப்டம்பர் 19, வியாழன்

ரோக்கா கலாஷ்யோ கோட்டைக்கு நடந்தேன். மூடுபனி. என் காலணிகளைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

வாசற்படியில் ஒரு மூதாட்டி மடியில் தட்டு வைத்துப் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். இவ்வூரின் பெருமையே இந்தப் பருப்புதான்: மிளகைவிடச் சிறியது, தோலோடு கரும்பழுப்பாக இருப்பது. நம் மைசூர்ப் பருப்பும் இதே இனம்தான். ஆயிரம் மீட்டருக்கு மேலுள்ள வயல்களில் வசந்தத்தில் விதைத்து, கோடை முடிவில் அறுக்கிறார்கள், ஊறவைக்காமலே வெந்துவிடுமாம். தட்டை ஒருபக்கம் சாய்த்து, நல்ல பருப்பை உருளவிட்டு, கல்லை ஒற்றை விரலால் ஒதுக்கும் அந்த லாவகத்தைப் பார்த்து அருகிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் ஒரு பிடியை என் பக்கம் தள்ளினார். நானும் பொறுக்கினேன். அரை மணி நேரத்தில் எனக்கு அகப்பட்டவை மூன்று கற்கள். நான் பார்த்து முடித்த குவியலிலிருந்தே அவர் மேலும் இரண்டை எடுத்துக் காட்டினார்.