பதிவில் கேட்கும் சொந்தக் குரல்

கர்நாடக இசை வகுப்பில் பதிவைப் போட்டுக் காட்டினால் நன்றாகப் பாடும் பிள்ளைகள்கூட முகம் சுளிப்பார்கள். "இது என் குரலே இல்ல டீச்சர்!" பாதி உண்மைதான். பாடும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமல்ல, மண்டை எலும்பு வழியாகவும் காதுக்குப் போகிறது. எலும்பு தாழ்ந்த அதிர்வுகளைக் கூட்டித் தருவதால் நமக்குக் கனமாகக் கேட்கும். பதிவில் அந்தக் கனம் இருக்காது. சபை கேட்பது பதிவில் உள்ளதைத்தான்.

மீதிப் பாதிக்குக் காரணம் அறையும் கைப்பேசியும். பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியோ பினாங்கு டேரஸ் வீடோ, ஹாலில் டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் இருந்தால் எதிரொலியில் பிருகாக்கள், அதாவது வேகமாக உருளும் ஸ்வரங்கள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். படுக்கையறையில் பதிவு செய்யுங்கள். மெத்தை, திரைச்சீலை, துணிகள் எதிரொலியைக் குறைக்கும். ஃபேனையும் ஏர்கோனையும் நிறுத்திவிடுங்கள். வியர்க்கத்தான் செய்யும், பத்து நிமிடம் பொறுக்கலாம். மாலை மழைக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

கைப்பேசி வாய் உயரத்தில், ஒரு மீட்டர் தள்ளி இருக்கட்டும். ஆதார சுருதியை ஒலிக்கும் சுருதிப்பெட்டியை அதன் பக்கத்தில் வைக்கவே கூடாது, குரலை விழுங்கிவிடும். பல கைப்பேசிகள் ஒலியளவைத் தாமாகவே ஏற்றி இறக்கும். தார ஸ்தாயி, அதாவது மேல் ஸ்வரங்கள், அமுங்கிப்போகும். மெல்லிய கார்வையில், அதாவது ஒரு ஸ்வரத்தை நீட்டி நிறுத்தும் இடத்தில், அறை இரைச்சல் மேலே வரும். உழைத்துப் பாடியது தட்டையாகக் கேட்பது பெரும்பாலும் இதனால்தான். ஒலியளவை நாமே வைக்கக்கூடிய செயலியில், பாடும் உருப்படியின் (பாட்டின்) மிக உரத்த வரியை முதலில் பாடிப் பார்த்து, ஒலியளவு காட்டும் முள் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள்.

பாடிய கையோடு கேட்காதீர்கள். ஓர் இரவு போகட்டும். கைப்பேசி ஸ்பீக்கரில் குரல் இன்னும் மெலியும், ஹெட்ஃபோனில் கேளுங்கள். முதல் தடவை சுருதி மட்டும்: ஸட்ஜமும் (ஸ) பஞ்சமமும் (ப) சுருதியோடு சேர்ந்து நிற்கின்றனவா, மூச்சு தீரும்போது கார்வை இறங்குகிறதா? அடுத்த தடவை தாளம். பிறகு சாகித்தியம், அதாவது பாட்டின் சொற்கள்: லகர ளகரமும் ழகரமும் பதிவில் தப்பவே முடியாது. மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டால் "நல்லா இல்ல" என்ற எண்ணம்தான் மிஞ்சும், திருத்த ஒன்றும் கிடைக்காது.

காணொளி தனி வேதனை. கண்ணாடியில் பார்த்துப் பழகிய முகம் அதில் இடம்வலம் மாறித் தெரியும். கைநீட்டும் தூரத்தில் எடுத்தால் மூக்கும் பெரிதாகும். பின்பக்கக் கேமராவை இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள். முதலில் ஒலியை அணைத்துவிட்டு, தாடை இறுகுகிறதா, மூச்செடுக்கையில் தோள் ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். தோள் ஏறிய நேரத்தைக் குறித்துக்கொண்டு ஒலிப்பதிவில் அதே இடத்தைக் கேளுங்கள். கார்வை இறங்கிய இடமும் பல சமயம் அதுவாகவே இருக்கும்.