செவனுக்கு பிரேக் மாற்றிய கதை: பார்சல், மரை, மழை

இங்கிலாந்தில் லோட்டஸ் செவன் மாதிரி கூரையில்லாத சின்ன ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் குளிர்காலம் வந்தால் வண்டியை ஷெட்டில் ஏற்றிவிடுவார்கள். பனிக்காகச் சாலையில் கொட்டும் உப்பு சேசிஸை அரித்துவிடும். சென்னை காலடிப்பேட்டையில் எங்களுக்கு உப்பு கடல் காற்றிலேயே வருஷம் முழுக்க வருகிறது, குளிர்தான் கிடையாது. அதனால் ஐப்பசி மழை பிடித்ததும் வண்டி ஸ்டாண்டில் ஏறும். கூரையே இல்லாத காரை வேறு எப்போது நிறுத்துவது? பொங்கல் கழிந்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்ட வேண்டும், அதற்குள் பிரேக்கை மாற்றிவிட வேண்டும் என்பதுதான் இந்த முறை திட்டம்.

எங்கள் வண்டி அந்த லோட்டஸ் செவனைப் பார்த்துச் செய்த ரெப்ளிகா. எஞ்சினும் கியர்பாக்ஸும் பழைய மாருதி ஜிப்சியுடையவை. ஜிப்சியில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தனியாக இருப்பதால் அதைக் கழற்றிவிட்டு ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை நேராகப் பின் ஆக்சிலுக்குக் கொடுத்திருக்கிறோம். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் ஒற்றை மாஸ்டர் சிலிண்டரை எடுத்துவிட்டு முன் சக்கரங்களுக்கு ஒன்று, பின் சக்கரங்களுக்கு ஒன்று, நடுவில் மிதிக்கும் விசையை இரண்டுக்கும் பங்கிடும் பேலன்ஸ் பார் என்று புது பெடல் பாக்ஸ். அதற்கு இடம் வெட்டி, பிளேட் வெல்டு வைத்து முடித்ததில் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் பார்சலைப் பற்றித்தான்.

இந்த பிரேக் சாமான்களை மொத்தமாக ஒரு கிட்டாக இங்கிலாந்தில் ஒரு கடையில் ஆர்டர் போட்டோம். சென்னை வந்து சேரும்வரை பிரச்சினை இல்லை. அப்புறம் கூரியர் கம்பெனியிலிருந்து மெயில்: ஆதார், கட்டிய பணத்துக்கு ஆதாரம், கூடவே வண்டியின் ஆர்சி நகல். முதல் இரண்டும் சரி. ஆர்சி எதற்கு என்று கேட்டால் போனில் யாருக்கும் தெரியவில்லை, நேரில் வரச் சொன்னார்கள். மெட்ரோ ஏறினால் காலடிப்பேட்டையிலிருந்து விமான நிலையம்வரை ஒரே ரயில். அந்த அலைச்சலில் உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான்.

கவுன்டரில் இருந்தவர் ஜிப்சி ஆர்சியைப் பார்த்தார், பில்லைப் பார்த்தார். "சார், ஆர்சில மாருதி இருக்கு. பில்லுல லோட்டஸ் செவன்னு இருக்கு. மேட்ச் ஆகலையே."

"வண்டி ரோட்டுல ஓடுறதில்ல சார். டிராக்குக்கு மட்டும்தான். ரெக்கவரி வண்டில ஏத்திதான் கொண்டு போவோம்."

"ரோட்டுல ஓடாத வண்டிக்கு எதுக்கு சார் பிரேக்கு?"

இதற்கு என்ன பதில் சொல்வது? மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி கம்பெனி கொடுத்த வடிவத்தை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. அதனால்தான் இந்த வண்டி லாரி ஏறி டிராக்குக்குப் போகிறது. இதையெல்லாம் சொல்ல வாயெடுக்கும்போது அவர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

கடைசியில் வழி சொன்னவர் அந்த வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த கிளியரிங் ஏஜென்ட் ஒருவர். "உதிரி பாகத்துக்கு ஆர்சி கட்டாயம்னு ரூல் எதுன்னு மெயில்ல கேளுங்க. அப்படியே பில்லையும் மாத்தி வாங்குங்க" என்றார். கேட்டேன். ரூல் வரவில்லை, ஆர்சி கேட்பது மட்டும் நின்றது. கடைக்காரரிடம் புது பில் வாங்கினோம்: எந்தக் காருக்கு என்ற கதை இல்லாமல், பிரேக் மாஸ்டர் சிலிண்டர், பெடல் பாக்ஸ் என்று பொருளின் பெயர், எண்ணிக்கை, விலை, 8708 30 என்ற சுங்க எண். அதன் பிறகு மளமளவென்று நகர்ந்தது. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் ஆர்டர் போடும்போதே பில் இப்படி இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, வரி பொருளின் விலைக்கு மட்டும் இல்லை. விலை, அனுப்பும் செலவு, இன்ஷூரன்ஸ் மூன்றையும் கூட்டி அதற்குச் சுங்க வரி, அந்த வரி மேல் சர்சார்ஜ், எல்லாவற்றுக்கும் மேல் ஐஜிஎஸ்டி. கனமான பெடல் பாக்ஸை அவசரமாக விமானத்தில் வரவழைத்தால் அந்த அவசரத்துக்கும் சேர்த்து வரி கட்டுவீர்கள். அவர்கள் இழுத்தடித்த நாட்களுக்குப் பார்சல் அங்கே கிடந்த வாடகை, அதாவது டெமரேஜ் வேறு.

யானை வந்தாச்சு, அங்குசத்துக்கு அலைந்த கதை இனிமேல்தான். எம்10 மரை என்று தெளிவாக எழுதித்தான் ஆர்டர் போட்டோம். ஜிப்சி பைப் நட்டுகள் எல்லாம் எம்10, அதாவது விட்டம் 10 மில்லிமீட்டர், பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) ஒரு மில்லிமீட்டர். வந்த சிலிண்டரில் நட்டு அரைச் சுற்றோடு நின்றுவிட்டது. கூட வேலை செய்த பையன் "ஆயில் விட்டு முறுக்கினா ஏறிடும்ணே" என்று ஸ்பானரை எடுத்தான். நல்லவேளை, கொருக்குப்பேட்டை லேத் பாய் அன்று ஷெட்டுக்கு வந்திருந்தார். பிட்ச் கேஜை வைத்துப் பார்த்துவிட்டு, "இது இன்ச் மரை தம்பி, 24 மரை. முறுக்கினா சிலிண்டர் காலி" என்றார். ஒரு இன்ச்சுக்கு 24 மரை உள்ள 3/8 யுஎன்எஃப் என்ற இன்ச் அளவு அது. விட்டம் 9.525 மில்லிமீட்டர், எம்10-க்கு அரை மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. இதைவிட ஆபத்து தலைகீழாக நடப்பது: இன்ச் நட்டு எம்10 ஓட்டையில் லூசாக ஏறிவிடும், பிடித்த மாதிரியே தெரியும், ஓங்கி பிரேக் மிதிக்கும்போது பிடுங்கிக்கொள்ளும். நட்டு கையால் சில சுற்றாவது ஆடாமல் ஏற வேண்டும், இல்லையென்றால் அது வேறு மரை.

இன்ச் நட்டுக்கும் எம்10 நட்டுக்கும் பைப் ஒன்றுதான், 3/16 இன்ச். நட்டை மாற்றி பைப் முனையைப் புதிதாக ஃப்ளேர் செய்தால், அதாவது அகட்டி விரித்தால் போதும். பாரிமுனையில் கேட்ட கடையிலெல்லாம் எம்10 நட்டையே நீட்டினார்கள். கிடைத்தது புதுப்பேட்டையில், ஒரு பழைய டப்பாவில், ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு உள்ளது என்று. இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டு காரை 1960-களில் இதே சென்னையில் ஸ்டாண்டர்டு என்ற பெயரில் தயாரித்தார்கள், மரையெல்லாம் இங்கிலாந்து மரை. அசல் லோட்டஸ் செவனின் இரண்டாம் சீரிஸில் ஸ்டீயரிங் ரேக்கும் ஹெரால்டிலிருந்து எடுத்ததுதான். அந்த டப்பாவைக் கடைக்காரர் கவிழ்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை அவர் கவனித்துவிட்டார், விலையில் தெரிந்தது.

ஃப்ளேர் செய்யும் முன் டார்ச் அடித்து சிலிண்டரில் பைப் ஏறும் ஓட்டையின் அடியைப் பாருங்கள். உள்ளே கூம்பு மேலெழும்பி நின்றால் டபுள் ஃப்ளேர் (முனை புனல் மாதிரி விரிந்தது), குழிவாக இருந்தால் பபிள் ஃப்ளேர் (முனை குமிழ் மாதிரி உப்பியது). மாற்றிப் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும். ஏசி காப்பர் பைப்பை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள், அதிர்வில் நாளடைவில் வெடிப்பு விடும். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், மழை நாளில் திறந்து கிடந்த பாட்டிலை ஊற்றவே வேண்டாம்.

மூக்குப் பகுதி ஃபைபரில் விரிசல் இருந்தது. காசிமேட்டில் படகு கட்டும் அண்ணன் ஒருவரிடம் கொடுத்தோம். மழை விடும்வரை தொடவே மாட்டேன் என்றார். ஃபைபர் மேட் (கண்ணாடி இழை விரிப்பு) ஈரம் வாங்கினால் அதில் ரெசின் சரியாக ஊறாது, வெள்ளை பூத்துப் பிறகு உரியும். அவசரப்படுத்திப் பார்த்தோம், மசியவில்லை. மார்கழி வெயிலில் அவர் போட்டுக் கொடுத்ததைப் பார்த்தால் விரிசல் எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நீங்களே செய்வதாக இருந்தால், ரெசினை இறுக வைக்கச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்துவிடாதீர்கள், வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் கலக்கிவிட்டு, அப்புறம்தான் கேட்டலிஸ்ட்.

ஒரு காலத்தில் ரேஸ் நம் பக்கம் சோழவரம் ஓடுதளத்திலேயே நடந்தது. இப்போது ஊரைத் தாண்டி இருங்காட்டுக்கோட்டைவரை லாரி வாடகை கொடுக்க வேண்டியிருக்கிறது. போனோம். முதல் சில சுற்றுகளில் பின் சக்கரம் முந்திப் பூட்டிக்கொண்டு வண்டி வாலை ஆட்டியது. பேலன்ஸ் பாரை முன்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பியதும் முன் சக்கரம் முதலில் பூட்டத் தொடங்கியது, அப்படித்தான் இருக்க வேண்டும். டெமரேஜைத் திருப்பிக் கேட்டு கூரியர் கம்பெனிக்குப் போட்ட மெயிலுக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.