மெத்தை உறைக்குள் இருந்த குளிசை அட்டை

காயத்தை முதலில் கண்டது அம்மாதான். இடுப்புக்குக் கீழே எனக்கு உணர்வில்லை. அதனால் படுக்கும் முன் தினமும் என் தோலைப் பார்ப்பார். இடது தொடைக்கு அடியில் நீள்சதுரமாக ஒரு சிவப்புத் தடம், ஓரத்தில் தோல் கிழிந்திருந்தது. சக்கர நாற்காலியின் மெத்தை உறைக்குள் கையை விட்டார். நான் ஒளித்து வைத்த டயசிபாம் அட்டை வந்தது. தசை இழுப்பைத் தணிக்கிற, ஆனால் பழக்கமாகிவிடக்கூடிய குளிசை அது.

விபத்துக்குப் பிறகு என் கால்கள் இழுத்துத் துடிக்கும். அதற்கு இரவில் 5 மில்லிகிராம் என்று தொடங்கியது, நாலு வருடத்தில் நாளுக்கு 20 ஆகிவிட்டது. டொக்டர் எழுதித் தந்த பழைய மருந்துத் துண்டைக் காட்டி கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பாமசியில் தம்பிதான் வாங்கி வருவான், அக்கா பாவம் என்று ஒரு அட்டை கூடவே சேர்த்து. குடிக்கிற ஆம்பிளை என்றால் வீட்டில் சட்டைப் பையைத் தடவுவார்கள். நடக்க முடியாத பெண்பிள்ளை குளிசை போட்டால் அது மருந்துதான். துடிப்பே இல்லாத மத்தியானங்களிலும், பொழுது போகட்டும் என்று போட்டுக்கொண்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அம்மா எல்லாவற்றையும் அன்றே எறியப் பார்த்தார். நான் 1927க்கு எடுத்தேன். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் அது. ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரலாம், டொக்டரிடம் காட்டிக் குறையுங்கள் என்றார்கள். அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் அம்மா எறிந்திருப்பார்.

இந்தப் பழக்கத்தை விடத் தங்கிச் சிகிச்சை பெறும் ஓர் இடத்தில், தன் வேலையைத் தானே பார்க்கக்கூடியவர்களைத்தான் சேர்ப்போம் என்றார்கள். இன்னோர் இடத்தில் ஆலோசனை அறை மாடியில். பொதுக் கட்டடங்களில் எங்களுக்கும் வழி இருக்க வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இலேயே வந்துவிட்டன. ஆனாலும் ஓட்டோக்காரரும் காவலாளியும் என்னைக் கதிரையோடு தூக்க வேண்டியிருந்தது. மேலே போன பிறகும் கேள்வியெல்லாம் அம்மாவிடம்தான் கேட்டார்கள்.

மூன்றாவதாகப் பார்த்த டொக்டர், "அம்மா, கொஞ்சம் வெளியே இருங்கோ" என்றார். நாலு வருடத்தில் நான் ஒரு டொக்டரிடம் தனியாகக் கதைத்தது அன்றுதான். மத்தியானக் குளிசையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. சிறுநீர் சோதனைக்கு எழுதினார். தொற்று இருந்தது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப்புண் எது வந்தாலும் இந்தத் துடிப்பு கூடுமாம். கால் துடித்தபோதெல்லாம் காரணத்தைத் தேடாமல் இன்னொரு குளிசையைப் போட்டிருக்கிறோம். இதை நினைத்தால் இன்றைக்கும் மனம் ஆறாது.

தொற்றுக்கு மருந்து எடுத்த பிறகு, இரண்டு வாரத்துக்கு ஒருதரம் 2 மில்லிகிராம் வீதம் குறைத்தோம். 10க்குக் கீழே வந்ததும் ஒவ்வொரு மில்லிகிராமாக. பிளேட்டால் குளிசையைப் பாதியாக வெட்டி, அப்பியாசக் கொப்பியில் திகதி எழுதினேன். இரண்டாம் மாதம் மோசம். காலி வீதி பஸ் ஹோர்ன் தலைக்குள்ளேயே அடித்தது. நித்திரை இல்லை. கால்கள் மிதிபலகையில் டக் டக்கென்று மோதின. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், மூன்று வாரம் அப்படியே நிற்கட்டும் என்றார் டொக்டர். அம்மா காலையும் மாலையும் என் கால்களை நீட்டி மடக்கிவிட்டார்.

எட்டு மாதமாகிறது. இப்போது இரவில் 2 மில்லிகிராம். குளிசையை மலிபன் பிஸ்கட் டின்னில் போட்டு அலுமாரிக்கு மேல் வைக்க அம்மா ஆசைப்பட்டார். நான் விடவில்லை. டின் என் கைக்கு எட்டும் தட்டில்தான் இருக்கிறது. எண்ணி எழுதுவது நான், வாரத்துக்கு ஒருதரம் கொப்பியைப் பார்ப்பது தம்பி.