எல்லோராவுக்கு எஸ்டிமேட் போட்டவர்

என் மாமனார் பொதுப்பணித் துறையில் ஓவர்சியராகச் சேர்ந்து படிப்படியாக மேலே போய் ஓய்வு பெற்றவர். தங்கமான மனிதர். ஒரே ஒரு பழக்கம், எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் சுவரைத் தட்டிப் பார்ப்பார். கல்யாண மண்டபமானாலும் சரி, ஆஸ்பத்திரியானாலும் சரி. சம்பந்தம் பேச எங்கள் வீட்டுக்கு வந்தபோதுகூட முதலில் ஹால் சுவரைத் தட்டிவிட்டு, அப்புறம்தான் என்னைப் பார்த்தார். சுவர் பாஸாகிவிட்டதால் நானும் பாஸானேன் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள்.

இப்பேர்ப்பட்டவரை ஔரங்காபாத்துக்கு அழைத்துப் போனோம். பெயர் இப்போது சத்ரபதி சம்பாஜிநகர். ஆட்டோக்காரர்களிடம் எந்தப் பெயரைச் சொன்னாலும் ஏற்றிக்கொள்கிறார்கள்.

ஞாயிறு மாலை பீபி கா மக்பரா. ஔரங்கசீப்பின் மனைவி தில்ரஸ் பானு பேகத்தின் சமாதி. மகன் ஆஜம் ஷா தாயாருக்காகக் கட்டியது என்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தாஜ்மகாலேதான், கொஞ்சம் ஒல்லி, அவ்வளவுதான். எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்க, மாமா நேராகப் போய்ச் சுவரைத் தட்டினார். முகம் மலர்ந்தது.

"மாப்பிள்ளை, இங்க வாங்க. இது பளிங்கு. கொஞ்சம் மேல தட்டுங்க. இது பூச்சு!"

உண்மைதான். கீழே இடுப்பளவுக்கும் உச்சியில் குவிமாடத்துக்கும்தான் பளிங்கு. நடுவில் இருப்பதெல்லாம் கல்லின் மேல் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு. இதற்கு ஆன செலவு ஏறக்குறைய 7 லட்சம், தாஜ்மகாலுக்கு ஆனது கோடிகளில் என்று நான் படித்ததைச் சொன்னேன். "ஏழு லட்சத்துக்கு இதைக் கொடுத்திருக்கானே, காண்ட்ராக்டருக்குக் கை நஷ்டம்தான்" என்று பல நூற்றாண்டுகளுக்கு முன் செத்துப்போன ஒருவருக்காக உச்சுக் கொட்டினார். அதற்குள் காவலாளி விசில் ஊதிவிட்டார்.

அஜந்தாவுக்குத் திங்கள் விடுமுறை, எல்லோராவுக்குச் செவ்வாய் விடுமுறை. அதனால் திங்களன்று எல்லோரா. வழியில் தௌலதாபாத் கோட்டை. கூம்பு மாதிரி நிற்கும் மலையைச் சுற்றிலும் செங்குத்தாகச் செதுக்கி, அடியில் அகழி தோண்டி, மேலே போக 'அந்தேரி' என்று ஓர் இருட்டுச் சுரங்கப் பாதை வைத்திருக்கிறார்கள். உள்ளே வௌவால் நாற்றம் மூக்கைத் துளைக்கிறது. எதிரி வழி தவறிக் கால் வைத்தால் நேரே அகழிதான் என்று கைடு பயமுறுத்திக்கொண்டிருக்க, மாமா, "கைப்பிடிக் கம்பி வச்சிருக்கலாம்" என்றார். எதிரிக்குத்தான்!

இது அந்தக் காலத்துத் தேவகிரி, யாதவர்களின் கோட்டை. 1296-இல் அலாவுதீன் கில்ஜி முற்றுகையிட்டபோது, உள்ளே தானியம் என்று நினைத்து அடுக்கியிருந்த மூட்டைகளைப் பிரித்தால் அத்தனையும் உப்பாம். அரசர் ராமச்சந்திரர் பணிய வேண்டியதாயிற்று. என் மனைவி இதை இந்தியிலிருந்து தமிழாக்கிச் சொன்னதும் மாமா அங்கேயே நின்றுவிட்டார்.

"ஸ்டோர் வெரிஃபிகேஷனே பண்ணலையா? ஸ்டோர் கீப்பர் யாரு?"

கைடுக்குத் தெரியவில்லை. பாவம், அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை போலும்.

அடுத்தது துக்ளக் கதை. 1327-இல் முகமது பின் துக்ளக் டெல்லியிலிருந்து தலைநகரை இங்கே மாற்றி, சில வருஷங்களில் திரும்ப டெல்லிக்கே கொண்டுபோனது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். கைடு பைத்தியக்கார ராஜா என்றார். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "இதுல என்ன அதிசயம்? என்னை ராமநாதபுரத்துக்குத் தூக்கியடிச்சாங்க. சாமான் பிரிக்கறதுக்குள்ள திரும்பச் செங்கல்பட்டுன்னாங்க. ஆர்டர் வந்தா போய்த்தானே ஆகணும்."

"ரெண்டு தடவையும் சாமான் கட்டினது நான்" என்றார் அத்தை. துக்ளக் காலத்து டெல்லிவாசிகளின் நிலைமை எனக்கு அப்போதுதான் சரியாகப் புரிந்தது.

எல்லோராவில் மொத்தம் 34 குகைகள். பௌத்தம், இந்து, சமணம் என்று வரிசையாக. நாங்கள் நேராக 16-ஆவதற்கு, கைலாசநாதர் கோயிலுக்குப் போனோம். ராஷ்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலத்தில், 8-ஆம் நூற்றாண்டில், மலையை மேலிருந்து கீழாக வெட்டி இறக்கிய கோயில். முதலில் பிறந்தது சிகரம், கடைசியில்தான் தரை. காஞ்சி கைலாசநாதரைப் பார்த்தவர்களுக்கு எங்கேயோ பார்த்த சாயல் தெரியும். வெட்டி எடுத்த கல் 2 லட்சம் டன் இருக்கும் என்று ஒரு மதிப்பீடு.

மாமா பக்கவாட்டுப் பாதையில் மேலே ஏறி, பள்ளத்தின் விளிம்பில் நின்று குனிந்து பார்த்தார். கீழே வந்தார். வழக்கம்போல் தட்டினார். அப்புறம் சந்தேகத்தைக் கேட்டார்.

"எம்-புக்ல, அதான் வேலையை அளந்து எழுதற புத்தகத்துல, இதை எப்படி ஏத்தியிருப்பான் மாப்பிள்ளை? செங்கல் இல்லை, சாந்து இல்லை, ஒரு கல்லுகூட வெளியிலேர்ந்து வரலை. கட்டினாத்தானே கட்டட வேலைன்னு பில் போட முடியும்? இது பாறை வெட்டற வேலை. கணக்குப்படி இங்க கோயிலே இல்லை, பள்ளம்தான் இருக்கு!"

பக்கத்தில் ஆளுயர யானைச் சிற்பம் ஒன்று தும்பிக்கை உடைந்து நின்றது. அதைக் காட்டி, "இந்த மாதிரி உளி தப்பினா பூசி மறைக்க முடியாது, பாருங்க" என்றார். சொன்ன குரலில் கொஞ்சம் பொறாமை இருந்தது என்று நினைக்கிறேன்.

செவ்வாய் அஜந்தா, 100 கிலோமீட்டர் தாண்டி. கீழே வண்டியை நிறுத்திவிட்டு அங்கே விடும் பஸ்ஸில்தான் மேலே போக வேண்டும். படி ஏற முடியாதவர்களுக்கு டோலி உண்டு. அத்தை விலை கேட்டார். மாமா கௌரவம் பார்த்து நடந்தார். வாகுரா ஆறு குதிரை லாடம் போல வளையும் இடத்தில் 30 குகைகள். 1819-இல் புலி வேட்டைக்கு வந்த மதராஸ் படை அதிகாரி ஜான் ஸ்மித் கண்ணில் பட்டவை. முதல் குகைச் சுவர் ஓவியத்தில் போதிசத்துவர் பத்மபாணி தாமரையோடு நிற்கிறார். அந்த முகத்தைப் பற்றி நான் எழுதிக் கிழிக்கப் போவதில்லை, போய்ப் பாருங்கள். ஃபிளாஷ் அடிக்க விட மாட்டார்கள்; கண் இருட்டுக்குப் பழகும்வரை ஒதுங்கி நில்லுங்கள்.

மாமாவை அங்கே காணோம். தேடிப் போனால் 24-ஆவது குகையில் இருக்கிறார். பாதியிலேயே விட்ட குகை அது. தூண்கள் முழுசாக உருவாகாமல், உளித் தழும்போடு அப்படியே நிற்கின்றன. கூட்டமே வராத இடத்தில் மாமாவைச் சுற்றி ஒரு கோயம்புத்தூர்க் குடும்பம்! கூரையை முதலில் முடிப்பது ஏன், தூணுக்குக் கல்லை எப்படி விட்டு வெட்டுவது என்று கையை ஆட்டி வகுப்பு நடக்கிறது.

"ஏங்க பாதில நிறுத்திட்டாங்க?" என்று ஒரு அம்மா கேட்டார்.

"பில் பாஸாகியிருக்காதுங்க" என்றார் மாமா, யோசிக்காமல்.

சிரிக்க வேண்டாம். வாகாடக மன்னன் ஹரிசேனன் இறந்ததும் ஆதரவு நின்றுபோய், வேலைகள் அப்படியே கைவிடப்பட்டன என்பதுதான் அஜந்தாவை ஆயுள் முழுக்க ஆராய்ந்த வால்டர் ஸ்பிங்கின் முடிவும்.

வகுப்பு முடிவதாகத் தெரியவில்லை. அந்த அம்மா மெதுவாகப் பர்ஸைத் திறந்து, அத்தையிடம் கேட்டார்: "கைடுக்கு எவ்வளவுங்க கொடுக்கணும்?"

"பேசறதுக்கு அவர் எதுவும் வாங்க மாட்டார்" என்றார் அத்தை. "நிறுத்தறதுக்கு வேணும்னா ஏதாவது கொடுத்துப் பாருங்க."